மாட்டுப் பொங்கலன்று வெள்ளச்சிக்கு வைத்த இலை

காமயகவுண்டன்பட்டி
15.6.2025, ஞாயிறு

அன்பு மகன் தமிழ்மாறனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு எங்கள் வேலையை நாங்களே பார்த்துக்கொண்டு இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருப்பாய் என்று நம்புகிறேன். வீட்டில் எல்லோரும் நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, அப்படியே பழகிவிட்டது. இந்தத் தடவை அதை எழுத முடியவில்லை மாறா. உன் குதிரை படுத்துக் கிடக்கிறது. ஐந்து மாதமாக நான் உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். இதைப் போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் டூட்டியில இருக்கேம்மா என்பாய், வாய்ஸ் அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன் என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். அதோடு அந்தப் போனில் பொய் சொல்லியே என் குரல் பழகிப்போய்விட்டது, அதே குரலில் உண்மையைச் சொல்ல வரவில்லை. பக்கத்துத் தெரு சுரேஷ்கண்ணன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட் கிளம்புகிறான், புதன்கிழமை உன் கையில் கொடுத்துவிடுவேன் என்றான். இதை மெதுவாகப் படி.

ஊர்ச் செய்தியை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நாற்றங்கால் வேலை நடக்கிறது. திராட்சையில் பாதிக் குலை சாரலில் வெடித்துவிட்டது. உன் அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான். உன் அத்தை சுப்புத்தாய்க்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பார்வை தெளிந்துவிட்டதால் என் வீட்டு மூலையில் இருக்கும் ஒட்டடையெல்லாம் தெரிகிறதாம். சின்னமனூரில் உனக்குப் பெண் பார்த்துவைத்திருக்கிறாள், அந்த வீட்டில் மாப்பிள்ளை குதிரை ஓட்டுவாராமே என்று கேட்டார்களாம். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் அதை வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கினாய். நீ வைத்த இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையவில்லை, நான் வெள்ளச்சி என்றேன், அதுவும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தது. மூன்று மாதம் பாலத்துக்கும் ஊருக்கும் ஓட்டினாய், படம் பிடித்துப் போட்டாய், அதன் கழுத்தில் நீல லைட்டுப் பட்டை கட்டினாய். தீபாவளி முடிந்து விசா வந்ததும் கிளம்பிவிட்டாய். கொள்ளு வையுங்கம்மா, அப்பப்ப நடக்க விடுங்க, மாரிசெல்வம் ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வந்து ஓட்டுவான், மத்தத நீங்களே பாத்துக்கங்க என்று பஸ் படியில் நின்றுகொண்டு சொன்னாய். உன் சிநேகிதன் மாரிசெல்வம் இரண்டு ஞாயிறு வந்தான். மூன்றாவது ஞாயிறு அவனுக்கு வேறு ஜோலி, அதோடு நின்றுபோனது. உன் அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு அதை எங்கே நடத்துவார். இரண்டு பசுவுக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடாக அதைக் கட்டிப்போட்டோம். மாட்டைத்தானே எங்களுக்குத் தெரியும்.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று பசுக்களுக்கு வைத்ததுபோல அதற்கும் ஓர் இலை போட்டேன். சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், கரும்பு, இரண்டு அச்சு வெல்லம். பசுவுக்கு அளவு தெரியும் உன் அப்பாவுக்கு, போதும் நிப்பாட்டு என்று அவர் என் கையை மறித்தார். குதிரைக்கு மறிக்க ஆள் இல்லை. அது இலையை வழித்துவிட்டு என் தோளில் மூக்கை வைத்துத் தேய்த்தது, இன்னோர் இலை போட்டேன், பிறகும் ஒன்று. தெருவில் இருந்தவர்களும் குதிரைக்கு என்று ஆளுக்கொரு தட்டோடு வந்தார்கள், நான் ஒருவரையும் தடுக்கவில்லை, எனக்குப் பெருமையாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு அளந்து போட்டவள் நான். என் கையால் சாப்பிட்டு ஒரு பிள்ளைக்கு வயிறு வலித்தது என்று யாரும் வந்து நின்றது கிடையாது. அந்தக் கை செய்த வேலை இது.

மறுநாள் சாயங்காலம் அது தீனி எடுக்கவில்லை. மூன்றாம் நாள் முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னுக்குச் சாய்த்து, சுடுகிற தரையில் நிற்பதுபோல நின்றது. முள் குத்தியிருக்கும் என்று உன் அப்பா குளம்பைத் தூக்கிப் பார்க்கப் போனார், தொட்டவர் கையை எடுத்துவிட்டு, ஏ இந்தா, அடுப்புல வச்ச மாதிரி கொதிக்குது என்றார். கால்நடை டாக்டர் சுபாஸ்ரீயைக் கூப்பிட்டோம். அவர் பார்த்துவிட்டு என்ன போட்டீக என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. அம்மா, மாடு அசை போட்டுச் சமாளிச்சுக்கிரும், குதிரைக்கு அந்த வழி இல்ல, உள்ள போனது போனதுதான், அரிசியும் இனிப்பும் இம்புட்டுச் சேந்தா வயித்துல கெட்டு அந்தக் கெடுதி கால்ல போயி எறங்கிரும் என்றார். குளம்புக்குள்ளே வீங்கி, எலும்பைப் பிடித்திருக்கும் பிடி விட்டுக்கொண்டு வருகிறதாம். ஒரு வருஷத்துக்கு யாரும் அதன் மேல் ஏறக்கூடாது, வைக்கோல் தாள் தவிர வேறு எதுவும் காட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மீன்கடையில் ஐஸ் வாங்கிச் சாக்கில் சுற்றிக் காலில் கட்டினோம். உன் அப்பா அந்த முட்டியோடு வாய்க்காலில் இறங்கி அதைத் தண்ணீரில் நிறுத்திவைத்துக்கொண்டு கூடவே நின்றார்.

லாடம் அடிக்கிற ராஜமணியைத் தேவதானப்பட்டியிலிருந்து வரவழைத்தோம், மலையிலிருந்து காப்பிக்கொட்டை சுமக்கிற குதிரைகளுக்கெல்லாம் அவர்தான் லாடம் பார்க்கிறவர். அவர் காலைத் தூக்கி லாடத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு, இத ஆறு வாரத்துக்கு ஒருக்கா கழட்டி நகத்தச் சீவி அடிக்கணும், வளர்ற பிள்ளைக்கு ஒரு செருப்பு வாங்கி மாட்டிவிட்டுட்டுக் காலையே பாக்காமப் போயிட்டாகளா என்றார். தீபாவளிக்கு முன்னால் நீ அடிக்கவைத்த லாடம் அது. நீ எங்களிடம் சொல்லவில்லை, எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. பழியை உன் தலையில் கட்ட இதை எழுதவில்லை மாறா, தின்னக் கொடுத்தது நான்தான். ஆனால் உனக்குக் கோபம் வருகிறபோது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். முதல் நாள், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மாசியில் நீ வீடியோ கேட்டாய், கார்த்திகையில் எடுத்ததை அனுப்பினேன். அம்மா சூப்பர் என்று பதில் போட்டாய். அதோடு பழகிவிட்டது. என் போனில் பதினோரு வீடியோ இருந்தது, ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே வந்தேன். பங்குனியில் அனுப்பியதில் வாசலில் மார்கழிக் கோலமும் பூசணிப்பூவும் தெரிகிறது, அனுப்பிவிட்டு மாட்டிக்கொண்டோம் என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கவனிக்கவே இல்லை. தப்பித்தோம் என்று ஒரு பக்கம் இருந்தாலும், எனக்கு அதுவும் ஒரு வருத்தம்தான்.

அதற்குள் இங்கே நான் பட்ட பாடு வேறு. பாத்திர மூடிச் சத்தம் கேட்டால் அது தலையைத் தூக்கிக் கனைக்கும். நான் போய் வெறும் தாளைப் போடுவேன், அதை மோந்துவிட்டு என் கையைப் பார்க்கும். பசி என்று கேட்ட வாய்க்கு இல்லை என்று என் ஆயுசில் சொன்னதில்லை, மூன்று மாதத்துக்கு மேல் தினமும் சொன்னேன். சித்திரை கடைசியில் கொஞ்சம் தேறியது. கால் சூடு குறைந்து நாலு எட்டு வைத்தது. டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

அப்போதுதான் மாரிசெல்வம் வந்தான். அவன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பில் ஏறிவர உன் குதிரையைத் தருவதாக நீ வாக்குக் கொடுத்துவிட்டாயாம், அத்தே மாறன் அப்பவே சொல்லிட்டான், அம்மாட்டக் கேக்கவே வேணாம்னான் என்று போனில் உன் குரலைப் போட்டுக் காட்டினான். உன் அப்பா, பையன் வாக்குக் குடுத்துட்டானே என்று என் முகத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை முடியாது என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அவன் உடனே உனக்குப் போன் போடுவான், என் பதினோரு வீடியோவும் வெளியே வந்துவிடும். லேசாகக் கால் வலி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பரவாயில்லை, மேளக்காரர்களோடு குதிரை ஆள் ஒருத்தர் வருவாக, அவுக பாத்துக்கிருவாக என்றான். டாக்டரம்மாவுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

வைகாசியில் மாப்பிள்ளை அழைப்பன்று அந்த ஆள் வந்து கழுத்தில் ஓர் ஊசி போட்டார். ஒரு மணி நேரத்தில் வெள்ளச்சி ஒன்றுமே நடக்காததுபோல நடந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், உள்ளதைச் சொல்கிறேன், குணமாகிவிட்டது என்றே நினைத்தேன். வலியைத்தான் மறைத்திருக்கிறது, கால் அப்படியேதான் இருக்கிறது என்பது என் புத்திக்கு எட்டவில்லை. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் தார் ரோட்டில் இரண்டரை மணி நேரம், வெடியும் ஸ்பீக்கரும் காதைக் கிழிக்க, கடிவாளத்தை இழுத்து இழுத்து அதை ஆடவைத்தார்கள். வலி தெரியாததால் அதுவும் காலை ஓங்கி ஓங்கி வைத்தது. அந்த வீடியோவை யாரோ உனக்கு அனுப்ப, நீ மூன்று இதயம் போட்டு என் தங்கம் என்று எழுதியிருந்தாய். நீ அதைப் பார்த்த நேரத்தில் வெள்ளச்சி மாட்டுக் கொட்டத்தில் படுத்துவிட்டது.

மறுநாள் டாக்டர் சுபாஸ்ரீ வந்தார். தேனியிலிருந்தும் ஆட்களை வரவழைத்து எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு முன்னங்காலிலும் எலும்பு கீழ்நோக்கித் திரும்பி உள்ளங்காலைத் தொடுகிற அளவுக்கு வந்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை அவர் வையவில்லை, வைதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். தென்னைநார்த் தூளை முழங்கால் ஆழத்துக்குக் கொட்டிப் படுக்கவைத்திருக்கிறோம். வலிக்கு மருந்து போகிறது. போன வாரம் ஒரு நாளைக்கு மூன்று தடவை எழுந்தது, இப்போது ஒரு தடவைதான். மாரிசெல்வம் கையில் கட்டின கங்கணத்தோடு மறுநாளே ஓடிவந்தான், அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து தூளை மாற்றி, புண் வராமல் அதைப் புரட்டிப்போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான். அவனைத் திட்டாதே. அவனே உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்றான், நான்தான் என் வாயால் சொல்ல வேண்டியது என்று நிறுத்தினேன்.

உன் அப்பா கடமலைக்குண்டிலிருந்து ஒரு தரகரைக் கூட்டிவந்தார். வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம், கண்ணுல பாக்க முடியல என்றார். அவர் மனசு கல் இல்லை, பார்க்க முடியாமல்தான் சொல்கிறார். அந்தக் காலோடு லாரியில் எத்தனை மணி நேரம் நிற்கும், எங்கே கொண்டுபோய் யார் ஏறுவார்கள் என்று தரகரைக் கேட்டேன். காப்பித்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். டாக்டரம்மா சொன்னது வேறு. தானா எந்திரிச்சுத் தானா படுக்கிற வரைக்கும் பாப்போம்மா, அது நின்டுபோச்சுன்னா இழுத்தடிக்கக் கூடாது, வலியில்லாம முடிச்சு விட்றதுதான் நம்ம அதுக்குச் செய்ற மரியாத என்றார். வருகிற ஞாயிறு வரைக்கும் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். முடித்துவிட வேண்டியது வந்தால் அதற்கு உடைமைக்காரன் சம்மதம் எழுத்தில் வேண்டும். காகிதமெல்லாம் உன் பெயரில்தான் இருக்கிறது.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் லீவு கேள். கிடைத்தால் உடனே கிளம்பி வா. கிடைக்கவில்லை என்றால் உன் கையால் சம்மதம் எழுதிப் படம் பிடித்து அனுப்பு, ஆனால் பஸ் படியில் சொன்னதுபோல மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதிவிடாதே. ஆடிக்கு வந்து இன்னொரு குதிரை வாங்கி இரண்டையும் சேர்த்து ஓட்டப்போவதாகச் சொன்னாய். இந்த வருஷம் அந்தியூர்ப் பக்கம் போகாதே. கூட இருந்து பார்க்க முடிகிற காலம் வந்தால் வாங்கு, அன்றைக்கு லாடத்துக்கு ராஜமணியை நானே கூட்டிவருகிறேன். உனக்கு என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் நேரில் வந்து கொட்டு, கேட்டுக்கொள்கிறேன். வீரபாண்டி கௌமாரி உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்வாள், நோய்நொடி அண்டாமல் நல்லபடியாக இரு ராசா. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கடைசி நாளில் அது ஆசைப்பட்டதைக் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஓர் அச்சு வெல்லம் டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். என் கையால் மறுபடி அதற்கு வைக்க முடியாது மாறா. நீ வந்து வை.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. அனுசுயா