லேபிளில் இருக்கும் செவத்த பிள்ளை

12-8-1998, புதன்

எங்கள் தீப்பெட்டிக்கு மகள் செல்வியின் பேரை வைத்து, லேபிளில் அவள் படத்தையும் போட்டேன். "முகத்தக் கொஞ்சம் செவப்பாக்கிருங்க, அப்பத்தான் சரக்கு ஓடும்" என்று அச்சகத்தில் சொன்னதும் நான்தான். இன்று சாயங்காலம் அவள் நோட்டில் ஒரு கவிதை கிடந்தது.

பெட்டி மேலே செவத்த பிள்ளை, அவளுக்கு என் பேர்.
உள்ளே நான், கருத்த தலையோடு.
உரசினால் தெரியும் என் நிறம்.

கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பதினேழு வயது. ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. வீட்டில் இருந்த தீப்பெட்டிகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

விளக்கு பொருத்தும் நேரம் செல்வி வந்து நின்றாள்.

"எப்பா, தீப்பெட்டி முதலாளி வீட்டுல ஒரு தீப்பெட்டி இல்ல. எங்கன போச்சு?"

நோட்டைக் காட்டினேன்.

"ஐயோ, அது கோவத்துல எழுதுனதுப்பா. சாகணும்னு எழுதல."

"சத்தியமா?"

"லேபிள மாத்துதீயளா? அத மொதல்ல சொல்லுங்க."

மாற்றுகிறேன் என்றேன். சிரித்தாள். ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். விளக்கைப் பொருத்தி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று, பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பீரோ சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது.