வகுப்பு இப்போது செல்வமலரின் கையில்

என் அன்பான மச்சாள் புவனா,

நீ போய் ஏழு மாதமாகிறது. வகுப்பு நிற்கவில்லை. நீ முதலில் அதைத்தான் கேட்பாய் என்று தெரியும். கரவெட்டியில் அதே சனசமூக நிலையத்தில், சனி, ஞாயிறு பின்னேரங்களில், வளர்ந்த பெண்கள் பதினொரு பேர் எழுதப் படிக்க வருகிறார்கள்.

உன்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு நிலையத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "இனி நீர்தானே பொறுப்பு. தோட்டக் கூலிக்குப் போற பெண்டுகளுக்கு வேறை நாள் வைப்பம். எங்கடை ஆக்கள் அவையோடை ஒரே வாங்கிலை பக்கத்திலை இருக்கக் கூச்சப்படுகினம்" என்றார். அது என்ன கூச்சமென்று எனக்கு விளங்காமலில்லை. ஆனாலும் "யோசிச்சுச் சொல்லுறன்" என்றுதான் வாயில் வந்தது. மூன்று வருஷம் உன்னோடு நின்று படிப்பித்தவள் நான். நீ என்ன சொல்லியிருப்பாய்?

அடுத்த சனிக்கிழமை அவரே வகுப்புக்கு வந்து அதைச் சொன்னார். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். செல்வமலர்தான் எழும்பினா. வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டு, நாற்பது வயதில் 'அ' எழுதிய அதே செல்வமலர். அவவைப் படிப்பிக்க விடச்சொல்லி நீ எத்தனை தரம் கேட்டாய்? படிச்சது இன்னும் காணாது என்று நான்தான் மறித்தேன்.

"ஐயா, படிக்கிற நாங்களும் ஒண்டு சொல்லலாமோ?"

"சொல்லன் பாப்பம்."

"பிரிச்சால் நான் வரமாட்டன். ஆருக்கு என்ரை பக்கத்திலை இருக்கக் கூச்சம்? அவை என்னைப் பாத்துச் சொல்லட்டும்." அவ இருக்கவில்லை, நின்றபடியே எல்லாரையும் பார்த்தா.

வகுப்பில் படிக்கிற தலைவரின் அக்காவே கொப்பியை எடுத்துக்கொண்டு போய் அவவின் வாங்கில் இருந்தா. தலைவர் போய்விட்டார். வகுப்பைப் பிரிக்கவில்லை; கூச்சப்பட்ட மூன்று பேர் அதோடு நின்றுவிட்டார்கள். நாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டும் திரும்பி வரவில்லை.

பேசாமல் நின்றதுக்கு, அன்றே வகுப்பு முடிய செல்வமலரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது இருக்கட்டும் ரீச்சர். நாளைக்கு நான் படிப்பிக்கவோ?" என்றா.

இப்போது ஞாயிறு வகுப்பு அவவுடையது. காணி விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, "கையெழுத்து வைக்க முதல் என்ன கேட்கவேணும்?" என்றுதான் தொடங்குகிறா. எனக்கு அப்படித் தொடங்கத் தோன்றியதேயில்லை. உனக்குத் தோன்றியிருக்குமோ?

வாற மாதம் பிரதேச செயலகத்தில் வகுப்புப் பொறுப்பாளர்களின் கூட்டம். செல்வமலரின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். தலைவர் வேறு பெயர் கேட்கிறார். நான் மாற்றமாட்டேன், புவனா. நாளைக்குக் காலமை அவர் வீட்டுக்கே போய், முகத்துக்கு நேரே சொல்லுவேன்.

உன் அண்ணையின் மனுசி, உன் மச்சாள்,
சாந்தி