அந்தப் பக்கம் இவ பண்ணது

மார்ச் 3, ஞாயிறு

வலது ஹெட்லைட் முடிந்தது. மூன்று மணி நேரம். சுற்றிலும் டேப் ஒட்டி, நானூறாம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி எண்ணூறு, ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம். கடைசியில் பாலிஷ். இருபத்தாறு வருட மஞ்சள் போய் உள்ளே இருக்கும் பல்பு தெரிந்தது.

பல் கட்டும் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக அடுத்தவர் பற்களுக்கு மெருகேற்றுகிறேன். அங்கே உள்ள விதிதான் இங்கேயும். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் பழைய கீறல் அப்படியே நின்றுவிடும். பாலிஷ் போடப் போட இன்னும் பளிச்சென்று தெரியும்.

அவர் வந்து பார்த்தார். "பரவாயில்லையே! நம்ம வண்டிக்குக் கண்ணு வந்துடுச்சு." சாவியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தார். இரண்டே சீட் உள்ள கார். பக்கத்து சீட் காலிதான். நான் ஈரத்துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

மார்ச் 6, புதன்

அவர் பேச்சில், கழுவும்போது நம்ம வண்டி. ஓட்டும்போது என் வண்டி.

மார்ச் 10, ஞாயிறு

நான்கு வீல்களுக்கும் சாம்பல் நிறம் அடித்தேன். படியில் உட்கார்ந்திருந்த மகள், "அம்மா, நீ இத ஓட்டி நான் பாத்ததே இல்லையே" என்றாள். எனக்கு முன்னால் அவர் பதில் சொன்னார்: "இதோட கிளட்ச் கல்லு மாதிரி. உங்கம்மா கால் தாங்காது."

ஆய்வக வேனை தினமும் ஓட்டுகிற கால் இது. மகள் விடவில்லை. "அந்த வேன் கிளட்ச்ச ஒரு தடவ மிதிச்சுப் பாருங்கப்பா." அவருக்கு உடனே போனில் ஏதோ வேலை வந்துவிட்டது.

நான்கு வருடம் முன்பு இருவர் பெயரிலும் வாங்கிய பழைய கார். முதல் மாதம் எடுத்துப் பார்த்தேன். வாசலிலேயே எஞ்சின் நின்றுபோனது. "விடு, நான் எடுக்கறேன்" என்றார். இறங்கிக்கொண்டேன். அவ்வளவுதான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த சீட்டில் உட்கார்ந்து ஆற்றுப்பாலம் வரை போய்வர வேண்டும். இதைக் கேட்க ஏன் வாய் வரமாட்டேன் என்கிறது?

மார்ச் 16, சனி

நாளை அவருடைய அலுவலக நண்பர்கள் காரைப் பார்க்க வருகிறார்கள். இடது விளக்கைக் காலையில் எழுந்து செய்யலாம் என்று இருந்தேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவரே செய்து முடித்திருக்கிறார்! நானூறு, அடுத்தது நேரே பாலிஷ். டேப் கூட ஒட்டவில்லை. விளக்கில் புரை விழுந்த மாதிரி ஒரு வெண்மை, வட்டவட்டமாகக் கீறல். பக்கத்தில் சிவப்பு பெயின்ட்டிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்து வைத்திருக்கிறார்.

"நடுவுல இருக்கற தாளெல்லாம்?"

"அதெல்லாம் விக்கறவன் சொல்ற கதை. ஒரு தாள் போதும். ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

மார்ச் 17, ஞாயிறு

இந்தக் கோபம் எழுதிவிட்டால் அடங்கும்.

மூன்று நண்பர்கள், கூடவே நாத்தனார். எல்லோரும் காரைச் சுற்றி நின்றார்கள். "அண்ணன் கைவண்ணமே தனி" என்றாள் நாத்தனார். அவர் மறுக்கவில்லை. நண்பர்களில் உயரமானவர் குனிந்து இடது விளக்கைத் தடவினார். "இங்க என்ன ஆச்சு?"

"அதுவா? அந்தப் பக்கம் இவ பண்ணது. வலது பக்கம் பாரு, அது நான்."

நான் பழச்சாறு டம்ளர்களோடு இரண்டடி தள்ளி நிற்கிறேன்! நாத்தனார் என் தோளைத் தட்டினாள். "விடுங்க அண்ணி, கத்துக்கறப்போ அப்படித்தான்."

கத்துக்கறப்போவா? யாரு கத்துக்கறா? அவர் ஜன்மத்துல ஒரு தாள நனைச்சுத் தேச்சிருக்காரா? தட்டை அங்கேயே போட்டு உடைச்சிருக்கணும். சொல்லியிருக்கணும். சொல்லல. "இன்னொரு டம்ளர் வேணுமா"ன்னு கேட்டேன். கேட்டேனே! அதுதான் தாங்கல.

மார்ச் 18, திங்கள்

ஒருவருக்காகச் செய்த முன்பல்லை அளவுக்கு மேல் தேய்த்துவிட்டேன். முதலிலிருந்து செய்ய வேண்டும். முகம் தெரியாத ஒரு மனிதர் இன்னும் மூன்று நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டும், என் வீட்டுச் சண்டைக்காக.

மார்ச் 20, புதன்

"ஒரு வார்த்தைக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? வாய் தவறி வந்துடுச்சு."

வாய் தவறினால் உண்மைதானே வெளியே வரும்? பொய் எப்படி வரும்?

மார்ச் 24, ஞாயிறு

இடது விளக்கை நான் தொடமாட்டேன். அப்படியே இருக்கட்டும்.

ஓட்டுநர் சீட்டுக்குச் சாயம் போடக் கழற்றினேன். சீட் முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளம் துருவேறி, ஒரே இடத்தில் இறுகிக் கிடக்கிறது. அவர் கால் நீளத்துக்குச் சரியாக. நான்கு வருடம் யாரும் அதை நகர்த்தவில்லை. நானும்தான். அன்று இறங்கியபோது அவமானம் மட்டுமா? கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அந்த நிம்மதியின் மேல்தான் இப்போது அதிகக் கோபம்.

துருவில் எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன்.

மார்ச் 26, செவ்வாய்

நகர்ந்தது. சுத்தியலால் ஏழெட்டு அடி. ஒவ்வொரு அடிக்கும் திருப்தி.

மார்ச் 31, ஞாயிறு

சீட்டை மாட்டி, முன்னால் இழுத்து, உட்கார்ந்தேன். வாசலில் இரண்டு முறை எஞ்சின் நின்றது. அவர் ஓடி வந்தார். "விடு, நான்—"

"உள்ள போங்க."

இவ்வளவு சத்தமாக நான் பேசி எனக்கே நினைவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும். மூன்றாவது முறை கிளம்பியது. ஆற்றுப்பாலம் வரை போனேன். பாலத்தைத் தாண்டியும் போனேன்.

கிளட்ச் வேனைவிட லேசு. நாலு வருஷம்! வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அவரை, நாத்தனாரை, என்னை.

ஏப்ரல் 7, ஞாயிறு

காலையில் காரை எடுக்கப் போனவருக்கு முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்துவிட்டது. "சீட்ட யாரு முன்னாடி தள்ளினது?" என்று ஷெட்டிலிருந்து கத்தினார்.

"ஓட்டறவங்க" என்றாள் மகள்.

ஷெட்டில் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் ஈரம், கட்டைவிரலில் ஒரு துண்டு டேப்.

"எண்ணூறுக்கு அப்புறம் எது?"

"ஆயிரத்தைந்நூறு" என்றேன். "சீக்கிரம் முடிங்க. பதினொரு மணிக்கு எனக்கு வண்டி வேணும்."