பெஞ்சிலிருந்து வாசலுக்கு

ஐயரே,

போன ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் அந்தப் பழைய திருவிருந்துக் கிண்ணத்தை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு தட்டு வந்திருக்கிறது. தட்டு நிறையச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்கள். இருமல் மருந்து ஊற்றிக் கொடுப்பார்களே, அந்த அளவுதான். ஆளுக்கு ஒன்று. திராட்சை ரசத்தைக் குடித்துவிட்டு வாசலில் இருக்கும் கூடையில் போட்டுவிட்டுப் போக வேண்டியது. "சுத்தமா இருக்குல்ல வாத்தியாரே, இனி யாருக்கும் ஒரு சங்கடமும் இல்ல" என்று இப்போதைய போதகர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். நல்ல பையன், பழைய கதை ஒன்றும் தெரியாது. ரசத்தின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் முகம்தான் வந்து நின்றது.

நீங்கள் எங்கள் ஊருக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். பேரையூருக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, தகரப் பெட்டியை உங்கள் தலையிலேயே வைத்துக்கொண்டு கரிசல் காட்டு வழியாக நடந்து வந்தீர்கள். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்று கூப்பிடுவதுதான் வழக்கம். புது ஐயர் வந்து பெட்டியை இறக்குவதற்குள் ஊர் விசாரித்தது உங்கள் சாதியைத்தான். "நான் சிம்மக்கல்லுல பொறந்தவன். அங்க எல்லாச் சாதியும் ஒரே டவுன் பஸ்ஸுலதான் தொங்கும்" என்று சிரித்தீர்கள். பத்து வருடம் போல அதே பதிலைத்தான் சொன்னீர்கள். அதற்காகவே கீழத்தெருவில் நாங்கள் உங்களைக் கொண்டாடினோம்.

கோவிலுக்குள் ஊர்த்தெருக் குடும்பங்கள் முன்னால் பெஞ்சில், கீழத்தெரு பின்னால் பாயில். எல்லாருக்கும் ஒரே ஞானஸ்நானம்தான், திருவிருந்துக்கு ஒரே கிண்ணம்தான். ஆனால் வரிசை உண்டு. ஊர்த்தெரு முழுவதும் குடித்து முடித்த பிறகுதான் எங்கள் ஆட்கள் பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலிட வேண்டும். எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. எழுதாமலேயே அம்புட்டு ஒழுங்காக நடக்கும்.

நீங்கள் வந்து இரண்டாவது வருடம், உயிர்த்தெழுந்த பண்டிகை. கிண்ணத்தைக் கையில் எடுத்தவர், முன் பெஞ்சைப் பார்க்காமல் கோவிலின் கடைசிக்குக் கண்ணைச் செலுத்தி, "பெரியவரே, வாங்க" என்று என் அப்பாவைக் கூப்பிட்டீர்கள். கிணறு வெட்டிப் பிழைத்த மனிதர் அவர். பாறைக்கு வெடி வைக்கும்போதும் பின்வாங்காதவர், அன்றைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். "நானா? என்னையவா கூப்புடுறாரு?" என்று என்னிடம் கேட்டார். போய் முழங்காலிட்டார். முறைப்படி போதகர்தான் முதலில் பருக வேண்டும். நீங்கள் அப்பாவை முதலில் பருக வைத்தீர்கள். ஒருவர் குடித்ததும் விளிம்பைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி அடுத்தவருக்குக் கொடுப்பதும் முறைதான். நீங்கள் துடைக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. அப்பா வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தீர்கள். பிறகு கிண்ணத்தை ஊர்த்தெருவின் பக்கம் நீட்டினீர்கள்.

பாதிக் கோவில் எழுந்து வெளியே போனது. மிச்சம் இருந்தவர்களில் ஒரு கிழவி மட்டும் வந்து குடித்தாள், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேலிடத்துக்குப் புகார் பறந்தது. உங்களைக் கூப்பிட்டு ஏசினார்கள். நீங்கள் திரும்பி வந்து அடுத்த திருவிருந்திலும் அதையே செய்தீர்கள். அடேயப்பா, என்ன ஒரு பிடிவாதம் உங்களுக்கு! மெல்ல மெல்ல ஊர்த்தெருவும் வழிக்கு வந்தது. அப்பாவோ பார்க்கிறவர்களிடம் எல்லாம், "நான் வாய் வச்ச எடத்துலயே ஐயரு வாய் வச்சாருப்பா" என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். அந்த மனிதர் வாழ்நாளில் வேறு எதற்கும் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கீழத்தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு நீங்களும் நானும் எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினோம்! "இதெல்லாம் பஞ்சாயத்து பாத்துக்கிற வேலை ஃபாதர்" என்று ஒவ்வொரு மேஜையிலும் ஒரே பாட்டு. அதனால்தான், பல வருடமாக நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தலை எண்பதுகளின் நடுவில் அறிவித்ததும், அங்கியோடு போய் மனுத் தாக்கல் செய்தீர்கள். ஊர்த்தெரு ஓட்டு இரண்டாகப் பிரிந்ததில் ஜெயித்தும் விட்டீர்கள். குழாய் வந்தது. முதல் குடத்தை அப்பாதான் பிடித்தார். அந்த நாளோடு நீங்கள் நின்றிருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

நீங்கள் நிற்கவில்லை. "ஒரு தெருவுக்குக் கொழா போடப் பஞ்சாயத்து போதும் வாத்தியாரே. எல்லாத் தெருவுக்கும் நியாயம் வேணும்னா கோட்டைக்குத்தான் போகணும்" என்றீர்கள். அடுத்த சட்டசபைத் தேர்தலில் ஒரு கட்சி உங்களுக்கு சீட்டுக் கொடுத்தது. அங்கியைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியுமாக ஜீப்பில் ஏறினீர்கள். நேற்றுவரை உங்களைத் தெரியாதவர்கள் எல்லாம் "அண்ணே, அண்ணே" என்று சூழ்ந்தார்கள். எனக்கு மட்டும் கடைசிவரை அந்த அண்ணே வாயில் வரவில்லை. அப்பா தள்ளாத வயதில் கொடியைத் தோளில் சாத்திக்கொண்டு உங்கள் ஜீப்புக்குப் பின்னாலேயே வந்தார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

பிறகுதான் அந்த டீக்கடை.

ஊரின் பெயரை எழுத எனக்கு மனமில்லை. உங்களுக்குத் தெரியும். உச்சி வெயில், ஓட்டுக் கேட்டு வந்து எல்லோரும் களைத்திருந்தோம். கட்சிக்காரர்கள் உங்களைக் கடைக்குள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் கண்ணாடி கிளாஸ். வாசலில் நின்ற எங்களுக்கு, கூரைக் கம்பில் மாட்டியிருந்த அலுமினிய டம்ளர். குடித்துவிட்டு நாங்களே கழுவி மாட்ட வேண்டும். அப்பாவுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை, பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். அவர் முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"ஏம்ப்பா, குடிங்க" என்றேன்.

"இருடா. ஐயரு இப்ப எந்திரிச்சு வருவாரு பாரு. இந்த டம்ளரை வாங்கி மொதல்ல அவரு குடிப்பாரு."

நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் ஐயரே, நான் உங்கள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் கடைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உங்கள் பக்கம் குனிந்தார். "அய்யா நம்ம ஆளுகளாம்ல? பேசிக்கிட்டாக" என்றார். பத்து வருடம் சிம்மக்கல் டவுன் பஸ்ஸைச் சொல்லித் தப்பித்த மனிதர், "ஆமாப்பா" என்றீர்கள். கிளாஸைத் தூக்கிக் குடித்தீர்கள்.

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். டீயில் ஆடை கட்டிவிட்டது. தரையில் ஊற்றினார். குடிக்காத டம்ளரைக் கழுவினார். முன்பு இருந்த இடத்திலேயே மாட்டினார்.

ஜீப்பில் ஏறும்போது நீங்கள் என் காதோரம், "ஒரு டீக்குச் சண்டை போட்டா இந்த ஊரு ஓட்டு அம்புட்டும் போயிரும் வாத்தியாரே. ஜெயிச்சு வாரேன், இந்தக் கடையையே சட்டம் போட்டு மூடுறேன்" என்றீர்கள். நியாயமாகத்தான் பேசினீர்கள். அப்பா ஜீப்பில் ஏறவில்லை. கொடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் காட்டு வழியாக நடக்க ஆரம்பித்தார். நானும் கூடவே நடந்தேன். ஊர் எல்லையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பெஞ்சுலருந்து வாசலுக்கு எம்புட்டு தூரம்டா இருக்கும்?"

நீங்கள் ஜெயித்தீர்கள். மாலை, வெடி, டவுனில் காளவாசல் பக்கம் மாடி வீடு. அந்த டீக்கடைக்காரரும் நன்றாக இருந்தார். உங்கள் சிபாரிசில் கட்டிய பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கடையை மாற்றிப் பெரிதாகப் போட்டார். கம்பில் மாட்டிய டம்ளர்களும் கூடவே இடம் மாறின. சட்டசபை பாதியிலேயே கலைந்தது, அடுத்த தடவை சீட்டு வேறு யாருக்கோ போயிற்று. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

என் வயிறு எரிவது வேறு ஒன்றுக்கு. அப்பா அதற்குப் பிறகு திருவிருந்துக்குப் போகவில்லை. கோவிலுக்கு வருவார், பாயில் உட்காருவார், மற்றவர்கள் பீடத்துக்குப் போகும்போது வெளியே எழுந்து போய்விடுவார். கெஞ்சிப் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். "அது நெசம்னா இது எப்புடிறா? இது நெசம்னா அது எப்புடி?" என்று கேட்டார். பள்ளிக்கூட வாத்தியார் நான், வேதத்தைத் திறந்து வசனம் வாசித்துக் காட்டினேன். சாகக் கிடந்தபோது உங்களுக்கு அடுத்து வந்த போதகர் கிண்ணத்தை வீட்டுக்கே கொண்டுவந்தார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே போனார். நீங்கள் பெரிய மாலையோடு துக்கத்துக்கு வந்தீர்கள். சவத்தின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

பிறகு உங்களுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டுக் காளவாசல் வீட்டுக்கு வந்தேன். அண்ணே என்று சொன்ன ஒருவரையும் அங்கே காணோம். உங்கள் வீட்டு ஐயரம்மா இரண்டு பேருக்கும் டீ வைத்துவிட்டு உள்ளே போனார்கள். நல்ல கையால் உங்கள் டம்ளரை என் பக்கம் நகர்த்தினீர்கள். கோணிய வாயால், "மொதல்ல நீ" என்றீர்கள். நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

"எங்கப்பா இன்னும் குடிக்கலையே ஐயரே" என்றேன்.

அழுதீர்கள். நானும் அழுதேன். கரண்டியால் உங்களுக்கு டீயைப் புகட்டி, வாயைத் துடைத்துவிட்டு, என் டம்ளரைத் தொடாமல் வந்துவிட்டேன். குடித்திருக்கலாம் என்று ஐயரம்மா பிறகு சொன்னார்கள். குடித்திருந்தால் உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், உண்மைதான். ஆனால் அது அப்பாவின் பங்கு, என்னுடையது இல்லை.

உங்கள் அடக்கத்தன்று மைக்கில் ஒருவர் அந்தக் கிண்ணத்தின் கதையைச் சொன்னார். "ஓர் ஏழை முதியவருக்கு" என்றார். கூட்டம் உச்சுக் கொட்டியது. மிச்சக் கதையை அங்கே யாரும் கேட்கவில்லை, அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்களை வெறுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வெறுக்க முடிந்திருந்தால் என்றைக்கோ நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்தப் பண்டிகை நாளில் நீங்கள் செய்தது நிஜம் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அதை அப்பாவிடம் சொல்லி நம்பவைக்கத்தான் என்னால் ஆகவில்லை. அதைச் செய்திருக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான், அதுவும் ஒரு வார்த்தை பேசாமலே.

இப்போது டீக்கடைகளில் எல்லாருக்கும் பேப்பர் கப்தான். இருந்தாலும் நான் எங்கே போனாலும் உள்ளே உட்காருவதில்லை. வாசலில் நின்றபடி குடிக்கிறேன். என் கண் தானாக உள்ளே கிடக்கும் பெஞ்சைத் தேடும், அங்கிருந்து வாசலுக்கு வரும். அப்பா கேட்ட கேள்விதான். சின்னக் கடையோ பெரிய கடையோ, எதுவானாலும் எழுந்தால் வந்துவிடுகிற தூரம்தான் ஐயரே.