எதுவும் மூழ்காத கடல்

கம்பெனியில் லாக்கர்களை மாற்றுகிறார்கள். காலி செய்யச் சொன்னதால் அடியில் விரித்திருந்த பழைய நாளிதழைத் தூக்கினேன். அதன் கீழே அந்தச் சிவப்பு அட்டை, ஒயர் வாடையோடு அப்படியே கிடந்தது. மறந்துவிட்டேன் என்று உனக்கு எழுதினால் பொய். அந்தப் பக்கம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

கார்களுக்குப் போகும் ஒயர்க் கட்டுகளில் பழுது தெரிந்தால், அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டித் தனியே வைப்போம். பழுது பார்த்தபின் அட்டை குப்பைக்கு. அந்தக் குப்பையிலிருந்துதான் நீயும் நானும் ஒரு கடலை உண்டாக்கினோம். அட்டைகளின் பின்பக்கத்தில் துண்டு துண்டாக வரைந்து, செல்லோ டேப்பால் ஒட்டினோம்.

அது தொடங்கியது கம்பெனி பஸ்ஸில். ஒரகடம் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரமாக நின்றிருந்தோம். "மகாபலிபுரம் கடலு எல்லாருக்கும்தான் கீது. நமக்குன்னு ஒண்ணு வோணும்டி. சுத்தி நெலம், நடுவுல கடலு" என்றாய்.

"தண்ணி?"

"ஆறுங்கோ வந்து வுழும். வெளிய போவ மட்டும் வழி கெடையாது. உப்பு ஏறி ஏறி கெட்டியா கீது. அதுல எதுவும் முழுவாது. லேட்டாவும், அவ்ளோதான்."

வடகரைத் துறைமுகம் உனக்கு. மணிகளும் மெழுகும் உன் சரக்கு. தென்கரை எனக்கு, விளக்கெண்ணெயும் கம்பளியும். அந்தக் கடலில் பண்டமாற்றுதான், காசே கிடையாது. சம்பளப் பேச்சு பஸ்ஸிலேயே போதுமான அளவு நடந்துகொண்டிருந்தது. சட்டம் போட்டதெல்லாம் நீ. கப்பல் துறைக்கு வெளியே வந்து நின்றதும், துறைக்காரி முதலில் தன்னிடம் இருப்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிறகுதான் "என்ன சரக்கு?" என்று கேட்கலாம். கேட்கும்வரை கப்பல்காரி வாயைத் திறக்கக் கூடாது. எல்லாம் நேருக்கு நேர். ஆள் மூலம் சொல்லி அனுப்பினால் செல்லாது.

ஒருமுறை பத்து ஜாடி எண்ணெய் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். முந்தின வாரம்தான் எட்டை உனக்கே அனுப்பியிருந்தேன். நீ கப்பலைத் திருப்பிக்கொண்டு போய் நான்கு நாள் நடுக்கடலில் நிறுத்தினாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "இதுலயே பொய் சொன்னா, கம்பெனில இன்னாடி சொல்லுவ?" என்று கேட்டாய். சரியான கேள்விதான்.

பழைய அட்டைகளில் எப்போதும் கம்பி கட்டிய ஓட்டை இருக்கும். என் துறைமுகத்தில் புதிதாகக் கட்டிய கலங்கரை விளக்கத்தை ஓட்டையில்லாத அட்டையில் வரைய ஆசைப்பட்டு, எண் போட்ட அட்டைப் புத்தகத்திலிருந்து புது அட்டை ஒன்றைக் கிழித்தேன். மாதக் கடைசியில் எண் வரிசையைச் சரிபார்த்தபோது ஒன்று குறைந்தது. என்னை லைன் லீடர் ஆக்கப்போவதாக மேலிடத்தில் சொன்னதும் அதே வாரம்தான். சூப்பர்வைசர் எல்லோரையும் நிற்க வைத்தார். "ஒரு அட்ட இல்லன்னா, பழுதான பீஸ் ஒண்ணு வண்டில போயிருக்கலாம்னு அர்த்தம். யாரும்மா எடுத்தது?"

நீ என்னைப் பார்த்தாய். ரொம்ப நேரம்கூட இல்லை.

"நான்தான் சார். கிறுக்கினு இருந்தேன், கீஞ்சி போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றாய்.

உன்னைப் பேக்கிங்குக்கு, வேறு ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். நான் லீடர் ஆனேன்.

அப்போது உன் கப்பல் ஒன்று என் துறைக்கு வெளியே நின்றிருந்தது. உன் பஸ் உள்ளே வரும் நேரத்தில் என் பஸ் வெளியே போகும். ஒருநாள் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாய்: "கப்பலு நின்னுகினே கீதுடி!" காதில் விழாததுபோல் கையை மட்டும் ஆட்டினேன். சரக்கு என்னவென்று கேட்பதற்கு முன் என்னிடம் இருப்பதை நான் சொல்ல வேண்டுமே. இருந்தது அந்த அட்டை. உன் வீடு வாலாஜாபாத், என் வீடு சேரப்பணஞ்சேரி. வந்து சொல்ல முடியாத தூரமா அது?

போன ஆடியில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். அடுத்த வாரம் நீ இல்லை. பூமாலையோடு உன் வீட்டுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர், "லீடர் மேடம் வந்துக்கிறாங்க, சேர் போடுங்கப்பா" என்றார். அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. அவமானமாக இருந்தது.

இன்று அட்டையைச் சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அன்னிக்கி இத எடுத்தது நான்தான் சார். அவ இல்ல." திருப்பிப் பார்த்தார், கலங்கரை விளக்கம் தெரிந்தது. "இத்தினி வருஷம் கழிச்சி எதுக்கும்மா? அந்த புக்கே இப்ப கெடையாது" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டார். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும் என்பதுதான் வலிக்கிறது.

அட்டை இப்போது என் கைப்பையில் இருக்கிறது. பஸ் அதே கூட்டுரோட்டில் நிற்கிறது. நம் கடலில் எதுவும் மூழ்காது என்பதால், உன் கப்பலும் அங்கேயேதான் நிற்க வேண்டும். முறைப்படி சொல்கிறேன். என் துறையில் இருப்பது இரண்டு ஜாடி எண்ணெய், ஒரு சிவப்பு அட்டை. எடுத்தவள் நான். பழியை ஏற்றவள் நீ.

இப்போது கேட்கலாம் அல்லவா? என்னடி சரக்கு?