கதவில்லாத வாசலில் சப்பாத்து

அன்பு மகனுக்கு,

அண்ணனோடு கோபித்துக்கொண்டு நீ வெளியேறிய பிறகு, வைட்டாக்கரே காட்டுப்பாதையில் நடக்கப் பழகிவிட்டேன். காலுக்கு நல்லதாம்.

நேற்று பாதையோரமாக உள்ள இந்தப் பாழடைந்த கட்டிடத்துக்குள் யாரோ இருமினார்கள். கூரையில்லை. ஜன்னலால் மரமொன்று வெளியே வந்திருக்கிறது. "அப்பம்மா, கோஸ்ட்! ஓடுங்கோ!" என்று அண்ணன் மகள் என் கையை இழுத்தாள். நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இருமல் நின்றுவிட்டது.

கதவே இல்லாத வாசலில் சப்பாத்து ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. எந்தத் தாய் பேயை அப்படி வளர்த்திருப்பாள்? பேத்திக்கு அது கோஸ்டாகவே இருக்கட்டும் என்று வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

இன்று தனியாக வந்து, புட்டும் மீன்குழம்பும் இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். டப்பா உன் அண்ணியுடையது. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பது நம் வீட்டுப் பழக்கமில்லை. பரவாயில்லை, நீ வெறும் டப்பாவோடு வீட்டுக்கு வா.

அம்மா