ரிஷபத்தில் வராத கார்த்திகை

நவ. 11, செவ்வாய். கடலூர்.

காலையிலிருந்து தூறல். குடை ஆபீசில். சிதம்பரத்திலிருந்து கமலா அம்மா போன். கல்யாணத் தகவல் மையம் நடத்துகிறவர். நான் தனியாகச் செய்த முதல் வெப்சைட் அவருடையது.

"ஜெனி, ராசி ரிஷபம்னு போட்டா, கீழ நட்சத்திரத்துல கார்த்திகையே வரமாட்டேங்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

முதல் வேலையே போனால் ஆபீசில் எப்படித் தலைகாட்டுவது?

பார்த்தவை: பிரவுசர், சரி. ஸ்கிரிப்ட், சரி. டேட்டாபேஸ் இணைப்பு, சரி. ரோகிணி வருகிறது. கார்த்திகை மட்டும் மேஷத்தில்.

நவ. 12, புதன்.

மழை இல்லை. டீ மூன்று. பக்கத்து சீட் செந்திலிடம் கேட்டேன், கார்த்திகை மேஷம்தானே என்று.

"எங்கக்கா கார்த்திகை, ரிஷப ராசி. மொதப் பாதம்தான் மேஷம், மத்த மூணும் ரிஷபம். இதுகூடத் தெரியாதா?"

தெரியாது! எங்கள் வீட்டில் ஞானஸ்நானத் தேதி தெரியும், நட்சத்திரம் யாருக்குத் தெரியும்? நான் ஒரு நட்சத்திரத்துக்கு ஒரே ராசி என்று போட்டு வைத்திருக்கிறேன். ஒன்பது நட்சத்திரம் இரண்டு ராசியில் கால் வைத்திருக்கிறதாம். டேபிளில் இருப்பது 27 வரி. வேண்டியது 36!! கத்தியே விட்டேன். மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

நவ. 13, வியாழன்.

புது டேபிள். ரிஷபத்தைத் தொட்டேன். கார்த்திகை வந்து நின்றது. நாற்காலியோடு ஒரு சுற்று. செந்திலுக்கு சமோசா.

மாலை ஐந்துக்குத்தான் உறைத்தது. ஏற்கெனவே பதிந்தவர்கள்? ரிஷபத்தில் கிடைக்காமல் மேஷத்தில் போய்ப் பதிந்திருப்பார்களே. அப்படி இருக்கக்கூடியவர்கள் 14 பேர். க. அம்மாவிடம் நானே சொன்னேன், தப்பு என்னுடையது என்று.

"நாளைக்கு வா. ஒக்காந்து எல்லாருக்கும் போன் போடு."

நவ. 14, வெள்ளி. சிதம்பரம்.

புதுச்சத்திரம் வரை பஸ்ஸில் நின்றபடி. பத்து மணிக்கு முதல் போன். எல்லோரிடமும் ஒரே கேள்வி, எத்தனையாம் பாதம். நான்கு பேருக்கு இருந்ததே சரி. கீரப்பாளையத்து அம்மா ஒருவர், மகனுக்கு ஏழு மாதமாகத் தேடுகிறார்.

"அதான் ஒரு வரனும் வரலியா! இப்பவே பாரு கண்ணு, நான் லைன்லயே இருக்கேன்."

ராசியை மாற்றித் தேடினேன். ஆறு பெண்கள்! அந்த அம்மா போட்ட சத்தத்தில் எனக்கும் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

கடைசி போன், ஸ்ரீமுஷ்ணம் சுதா. கார்த்திகை, மேஷம் என்று பதிவு. எத்தனையாம் பாதம் என்றேன்.

"மூணுக்கா. எதுக்குக் கேக்கறீங்க? எனக்கு ஆவணியிலயே கல்யாணம் ஆயிடுச்சே. உங்க சைட்ல பொருத்தம் பாத்துதான் முடிச்சோம்."

மூன்றாம் பாதம் என்றால் ரிஷபம். பார்த்த பொருத்தமே தப்பான ராசிக்கு. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த க. அம்மா என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"நல்லா இருக்கீங்களான்னு கேக்கத்தான்" என்றேன்.

"சூப்பரா இருக்கோம்க்கா." பின்னால் ஓர் ஆண் குரல், யாரு, யாரு என்று. "நம்மள சேத்து வெச்சாங்களே, அவுங்க!"

போனை வைத்தேன். க. அம்மா மோர் நீட்டினார். "வேற ஆளு வேணாம். நீயே பாரு."

சுதாவின் வரியை மட்டும் திருத்தவில்லை. மேஷமாகவே இருக்கட்டும்.